வேலிக்கு அந்தப் பக்கம் கேட்ட ஜெபம்

1991 ஆகஸ்டில் என் இடது கால் பிழைக்குமா என்பது ஒரு முள்வேலியைப் பொறுத்திருந்தது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழின் பகுதிநேர நிருபர். கொஞ்சம் கூட்டி எழுதினாலும் மறுநாள் யாராவது வாசலில் வந்து நின்று கேட்பார்கள். அந்தப் பயம் இன்றும் போகவில்லை. ஆகவே, ஆண்டவர் எனக்குச் செய்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு எங்கள் ஸ்ரீபெரும்புதூரின் பெயர் வராத பத்திரிகையே இல்லை. நானும் ஓய்வில்லாமல் அலைந்தேன். ஜூலையில் ஒரு மாலை, பென்னலூர் அருகே சாலையில் கொட்டிக் கிடந்த மணலில் என் மொபெட் சறுக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சென்னையில் அறுவை செய்து தகடு வைத்தார்கள். புண் ஆறுவதற்குள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்ரீபெரும்புதூர் போய் ஒரு டாக்டரிடம் கட்டு மாற்ற வேண்டும்.

எங்கள் வீடு பிள்ளைப்பாக்கத்தில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஆட்டோ வாசல்வரை வர ஒரே வழி, முன்வீட்டு முனியம்மாவின் சுவரை ஒட்டிய பாதை. இடம் அவருடையது. எல்லாரும் நடந்து நடந்து அது பொதுவழி போல ஆகியிருந்தது. கட்டு மாற்றத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அந்தப் பாதையில் வேலிகாத்தான் முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்.

காரணம் எங்களுக்குத் தெரியும் என்று நினைத்தோம். சுற்றிலும் வயல்களில் மனைக்கற்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பெனிகள் வரப்போகின்றன என்ற பேச்சில் எல்லாருக்கும் நிலத்தின் மேல் ஆசை வந்திருந்தது. இவரும் மனை போட்டு விற்கப் பார்க்கிறார் என்று முடிவு செய்தோம். அதற்கு முன்பே ஒரு சண்டையும் இருந்தது. அவருடைய செவலை ஆடு என் மனைவி எஸ்தர் வைத்த பப்பாளிக் கன்றுகளைத் தின்றுவிட்டது. எஸ்தர் போய்க் கேட்டாள். வார்த்தை தடித்தது. பேச்சு நின்றது.

பேச்சு நின்றது என்றால் சத்தம் நின்றது என்று பொருள் அல்ல. எங்கள் பக்கத்தில் பேச்சில்லாத இரண்டு வீட்டார் ஒருவரை ஒருவர் நேராகத் திட்டுவதில்லை. ஆட்டையோ கோழியோ திட்டுவார்கள். ஜாடைப் பேச்சு. யாருக்குச் சொல்லப்படுகிறதோ அவருக்குக் கேட்டால் போதும். ஆடு எனக்கென்ன என்று இலை மென்றுகொண்டிருக்கும்.

என் கட்டில் ஜன்னலோரம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் செவலையின் முளைக்குச்சி. தினமும் காலையில் முனியம்மாவின் குரல் தொடங்கும்.

“ஏ செவல, இன்னா படுத்துக்கினே கீற? ஊரு வம்பெல்லாம் பேப்பர்ல போட்டியே, ஒன் காலு ஒடஞ்சத எவன் போடுவான்?”

“வழியில முள்ளு கெடந்தா உனக்கின்னா செவல? உனக்குத்தான் மேல ஆளு கீதே. பறந்து போயேன்.”

எஸ்தர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அவளும் சும்மா இருக்கவில்லை. எங்கள் கோழியைப் பிடித்துக்கொண்டாள். “உனக்கு வேற சோலியே இல்லையாட்டி? நாளெல்லாம் அடுத்த வீட்டு வாசலையே பாத்துக்கிட்டு கெடக்க?”

நான் அதை நிறுத்தச் சொன்னேன். விசுவாசிகளான நாம் சாந்தமாயிருக்க வேண்டும் என்று சொன்னேன். அவளுக்குக் கோபம். எனக்கும் உள்ளே கோபம்தான். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆட்டுக்குச் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு பதில் பேசாமல் படுத்திருப்பதே சாந்தம் என்று நம்பினேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பாதை அடைபட்டதால் ஏரிப் பாசன வயல்களின் வரப்பு வழியாகத்தான் சாலைக்குப் போக வேண்டியிருந்தது. சபையிலிருந்து இரண்டு சகோதரர்கள் வந்து என்னை நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். முந்தின நாள் மாலை நல்ல மழை. வரப்பு வழுக்கியது. மூன்று பேரும் சேற்றில் விழுந்தோம். கட்டுத் துணிக்குள் சேறு போய்விட்டது.

டாக்டர் பிரித்துப் பார்த்தார். சீழ் பிடிக்க ஆரம்பித்திருந்தது. “தகடு வச்ச காலு சார் இது. இன்னொரு தடவை சேத்தோட வந்தீங்கன்னா எலும்புல போய் உக்காந்துடும். அப்புறம் காலை எடுக்கிற பேச்சுதான் பேசணும்” என்றார். கட்டு மாற்றாமல் வீட்டில் இருக்கலாமா என்று கேட்டேன். “அதுக்கும் அதே பதில்தான்” என்றார்.

வீட்டுக்கு வந்து படுத்ததும் நான் செய்தி எழுதக் காகிதம் எடுத்தேன். ‘நோயாளியின் வழியை மறித்து வேலி’ என்று தலைப்புகூட எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். சாந்தகுணத்தால் அல்ல. சொந்த வழக்கைச் செய்தியாக்கினால் ஆசிரியர் என்னை வைத்திருக்க மாட்டார். தாசில்தாருக்கு மனு எழுதலாம். ஆனால் இடம் அவருடையது, சட்டமும் அவர் பக்கம். எல்லாப் பக்கமும் சுவர். எரிச்சலில் தலையணையைக் குத்தினேன். எஸ்தர் அந்தப் பக்கம் திரும்பி அழுதாள்.

அன்றே எங்கள் பாஸ்டர் வந்து பார்த்தார். “நம்ம ஜெபத்துல உருக்கம் பத்தல. சபையா வந்து ஜெபிப்போம்” என்றார். அன்று சாயங்காலமே சபையார் எங்கள் வீட்டில் கூடி, வெகுநேரம் சத்தமாக ஜெபித்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் வேலியில் இன்னொரு வரிசை முள் ஏறியிருந்தது. இது சத்துருவின் எதிர்ப்பு, ஜெபத்தை விடாதீர்கள் என்று பாஸ்டர் சொல்லி அனுப்பினார். எனக்கு ஜெபத்தின் மேலேயே கசப்பு வந்துவிட்டது. ஆண்டவரே, நான் பதிலுக்குப் பதில் பேசவில்லை, செய்தி எழுதவில்லை, இன்னும் என்ன சாந்தம் வேண்டும் உமக்கு என்று கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை.

அன்று மதியம் செவலையிடம் அவர் பேசியது வேறு மாதிரி இருந்தது. குரலில் திட்டு இல்லை.

“வாயில்லாத ஜீவன் நீ. ஒனக்கு வலிச்சா யார்கிட்ட சொல்லுவ? எனக்கு நெஞ்சுல ஊசி குத்துற மாதிரி கீது. குத்தாம இன்னா பண்ணும்? பொழுது சாஞ்சா பேரு சொல்லி ஒடைக்கச் சொல்றாங்களே. நேத்து ஊரக் கூட்டி வச்சிக்கினு நொறுக்கச் சொன்னாங்க. ஆட்டுக்குட்டி ரெண்டு செடி மேஞ்சதுக்கு ஆள சாவடிக்கிறதா செவல?”

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

பப்பாளிச் சண்டை நடந்த நாளிலிருந்து எங்கள் குடும்ப ஜெபத்தில் எஸ்தர் ஒரு விண்ணப்பம் சேர்த்திருந்தாள். “கர்த்தாவே, முனியம்மாவின் கல்லான இருதயத்தை உடைத்தருளும், நொறுக்கியருளும்.” நான் ஆமென் சொன்னேன். சபையாரும் அதையே நூறு சத்தத்தில் சொன்னார்கள். சபையில் வளர்ந்தவர்களுக்கு அது நல்ல வார்த்தை. எங்களுக்காகவும் நாங்கள் அப்படித்தான் ஜெபிப்போம். சுவருக்கு அந்தப் பக்கம் நெஞ்சுவலியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு அது என்னவாகக் கேட்டிருக்கும்? ஏவல். தன் நெஞ்சை உடைக்க ஆள் வைத்து ஓதுகிறார்கள். அப்படி ஓதுகிறவர்கள் தன் இடத்தில் நடக்கக்கூடாது என்று முள் போட்டார். மனையும் இல்லை, விலையும் இல்லை.

பகலெல்லாம் வாயை மூடிக்கொண்டு சாந்தம் காத்தேன். சாயங்காலம் ஆமென் போட்டு உடைக்கச் சொன்னேன். ஒரு தரப்பை மட்டும் கேட்டுச் செய்தி எழுதாதே என்பது என் தொழிலில் முதல் பாடம். எதிர்த்தரப்பு தினமும் என் ஜன்னலில் வந்து வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் அதை வசை என்று கேட்டேனே தவிரச் செய்தி என்று கேட்கவில்லை.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வேலிவரை போனேன். எஸ்தர் பின்னால் ஓடி வந்தாள். முனியம்மா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழுத்தில் புதிதாக ஒரு மந்திரித்த கயிறு கட்டியிருந்தார். நேராக அழைத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார் என்று தெரிந்தது. எனவே நானும் ஆட்டைப் பார்த்தேன்.

“செவல, ஒடைங்கன்னு நாங்க சொன்னது நெஞ்ச ஒடைக்கிறதுக்கு இல்ல. எங்க சபைப் பேச்சு அது. மனசு இளகணும்னு அர்த்தம்.”

அவர் இலையைக் கிள்ளி ஆட்டுக்குப் போட்டார். “இளகணும்னா இளகணும்னு சொல்றது. அத இன்னாத்துக்கு ஒடைக்கிறது? கேளு செவல.”

இத்தனை வருடம் சபைக்குப் போயும் அதை நான் கேட்டதில்லை.

“இனிமே அப்படிச் சொல்ல மாட்டோம். தெரியாம சொன்னோம். மன்னிச்சிடச் சொல்லு செவல.”

எஸ்தரும் “மன்னிச்சிடுங்கம்மா” என்றாள், நேராகவே.

முனியம்மா நேராக என் முகத்தைப் பார்த்தார். “அப்ப இன்னான்னு சொல்லுவீங்க?”

“உங்க நெஞ்சுவலி தீரணும்னு.”

“அத இப்ப சொல்லு. நான் கேக்கறேன்.”

முள்ளுக்கு இந்தப் பக்கம் ஊன்றுகோலில் நின்றபடி ஜெபித்தேன். சபைத் தமிழ் வாயில் வரப் பயந்தது. “இயேசுவே, முனியம்மாவுக்கு நெஞ்சு வலிக்குது. நாங்களும் அவங்கள பயப்பட வச்சிட்டோம். வலியக் கொறைங்க. நல்லா தூங்க வைங்க. ஆமென்.” அவ்வளவுதான் வந்தது. வழியைத் திறக்கும்படி கேட்க நினைத்தேன். அந்த இடத்தில் அதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

“இவ்ளோதானா? நேத்து அந்தக் கத்து கத்தினீங்க” என்றார் முனியம்மா. எஸ்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

வேலி அப்படியே இருந்தது. மறுநாள் காலை கட்டு மாற்றப் போக வேண்டும். மறுபடி வரப்பா, மறுபடி சேறா என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். விடிந்ததும் முள்ளை இழுக்கும் சத்தம் கேட்டது. முனியம்மாவின் மகன் ஏழுமலை ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த சட்டையோடு, கவைக்கோலால் முள்ளை ஓரம் தள்ளிக்கொண்டிருந்தான். “அம்மா சொல்லிச்சி சார். ஓ.டி.யோட வந்து நிக்கறேன், தூங்கக்கூட வுடல. மொதல்ல முள்ள எடு, சாருக்கு ஆட்டோ வரணும்னுது.”

ஆட்டோ வாசலுக்கே வந்தது. எஸ்தர் கேட்டுக்கொண்டதால் முனியம்மாவும் அதில் ஏறினார். டாக்டர் என் கட்டை மாற்றிவிட்டு அவரையும் பார்த்தார். மாத்திரை கொடுத்தார். வலி அன்றே போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை, குறைந்தது. என் புண் தீபாவளிக்கு முன் ஆறியது. கால் எனக்கு இருக்கிறது. லேசாகச் சாய்ந்து நடக்கிறேன். அதற்காக ஒவ்வொரு நாளும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

நான் சாந்தமானவனாகிவிட்டேன் என்று சாட்சி சொல்ல மாட்டேன். எஸ்தர் இதைப் படித்தால் சிரிப்பாள். எரிச்சல் இன்றும் சட்டென்று வருகிறது. ஆனால் ஒன்று மாறியது. வழியைத் திறவும் என்று கேட்டேன். ஆண்டவர் முதலில் என் காதைத் திறந்தார். வழி அதற்குப் பிறகுதான் திறந்தது. இந்த வரிசையை நானாக யோசித்திருக்க மாட்டேன்.

இதைப் படிக்கும் சகோதரரே, சகோதரியே, உங்களுக்கும் யாராவது ஒருவர் வழியை மறித்து நிற்கலாம். அவருக்காக ஜெபியுங்கள், ஆண்டவர் கேட்பார். அவர் கேட்கிறவர் என்பதற்கு என் கால் சாட்சி. ஆனால் அந்த மனிதரும் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்து ஜெபியுங்கள். அவருடைய பெயரைச் சொல்லும் இடத்தில் உங்கள் குரல் தானாகத் தணியும். அந்தத் தணிவிலிருந்து தொடங்குங்கள்.