வாய்க்காலில் பரவிய டீசல்

எனக்குக் கல்யாணமான புதிது, எழுபதுகளின் நடுவில். படாளத்துக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் என் கணவர் எண்ணெய் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். செக்கில் ஆட்டுகிற எண்ணெய் இல்லை. தெற்கே பெட்ரோல் தேடிப் பூமியைத் துளைக்கிறவர்கள், துளைக்கும் கருவி சூடேறாமல் இருக்கக் களிமண்ணும் டீசலும் கலந்த ஒரு சேற்றைக் குழிக்குள் விடுவார்கள். வேலை முடிந்தால் அது வெறும் குப்பை. அந்தக் குப்பையைப் பீப்பாய்களில் வாங்கி லாரியில் கொண்டுவந்து, தொட்டியில் ஊற்றித் தெளியவிடுவோம். பிறகு இளஞ்சூடு காட்டினால் மண் அடியில் தங்கும், தண்ணீர் நடுவில் நிற்கும், டீசல் மேலே வரும். செங்கல் சூளைக்காரர்களும், கோவளத்தில் படகுப் பலகைக்குப் பூசுகிறவர்களும் வாங்கிக்கொள்வார்கள்.

ஆள் வராத நாட்களில் நானும் மொண்டு ஊற்றுவேன். நகக்கண் எல்லாம் கறுத்துக் கிடக்கும். ஆனாலும் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நாற்றமடித்த சேற்றிலிருந்து தேன் நிறத்தில் ஒன்று தெளிந்து வருவதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. என் கணவர் கோவளத்துக்குச் சரக்கு கொடுக்கப் போயிருந்தார். காலையில் கதவைத் தட்டுகிற சத்தம். கொட்டகைக்குப் பின்னால் கழனி வைத்திருந்த அக்கா நின்றிருந்தாள். அவள் புருஷன் மெட்ராஸில் கூலி வேலையில் இருந்தான். நிலம், மாடு எல்லாம் அவள் பொறுப்பு.

"ஏம்மா, இன்னா பண்ணிகினு கீறீங்க? வாய்க்கா பூரா கறுப்பா ஓடுது, வந்து பாரு!"

ஓடினேன். தொட்டி மழையில் நிரம்பி வழிந்து, டீசல் ஓடையில் இறங்கி, அவள் வாய்க்கால் வழியாகக் கழனிக்குள் போய்க்கொண்டிருந்தது. புதிதாக நட்ட நாற்றைச் சுற்றித் தண்ணீர் பளபளவென்று நிறம் காட்டியது.

"அவரு ஊர்ல இல்லக்கா" என்றேன்.

"அவரு இல்லாங்காட்டி எண்ண நின்னுடுமா? மம்முட்டிய எடு!"

இரண்டு பேருமாக மண்ணை வெட்டிப் போட்டு ஓடையை அடைத்தோம். ஆனால் கழனிக்குள் போனதை என்ன செய்வது? கொட்டகைத் தரையில் சிந்தினால் வைக்கோலைப் போட்டுத்தான் துடைப்போம். அவள் வீட்டுப் பக்கம் ஒரே ஒரு வைக்கோல் போர் நின்றது. அவள் நிலத்தையும் கெடுத்துவிட்டு, மாட்டுத் தீனியையும் கேட்பதா என்று உடம்பு கூசியது. கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். "இந்த மழையில வைக்கலுக்கு நான் எங்க போவேன்?"

"நான் வாங்கித் தரேன்க்கா."

"தரலன்னா?"

"தருவேன்."

அவள் போரை நோக்கி நடந்தாள். போய், மேலே நனைந்திருந்ததைத் தள்ளிவிட்டு, உள்ளே காய்ந்திருந்ததைக் கட்டுக் கட்டாக உருவினாள். அதைத் தண்ணீர் மேல் பரப்பினோம். டீசலை உறிஞ்சிக் கனத்ததும் சுருட்டி வரப்பில் எறிந்தோம். நாற்று மிதிபடாமல் கால் வைக்க வேண்டியிருந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. அவள் ஒவ்வொரு நாற்றையும் விரலால் துடைத்து நிமிர்த்தியதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மழைத் தண்ணீரோடு அதையும் துடைத்துக்கொண்டேன்.

மதியம் என் கணவர் வந்தார். வரப்பில் திகைத்துப்போய் நின்றார்.

"இன்னா பாத்துகினு நிக்கற? எறங்கு!" என்று அவள் கத்தினாள். அவரை யாரும் அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. வெளுத்த பேன்ட்டோடு சேற்றில் இறங்கினார்.

மடையை ஒட்டிய மூலையில் மட்டும் நாற்று கருகிப்போயிற்று. மற்றது தப்பியது. அந்த மூலையில் மண்ணை வழித்துவிட்டு மீந்த நாற்றை நட்டாள். மறு வாரம் என் கணவர் மதுராந்தகம் பக்கம் அலைந்து ஒரு வண்டி வைக்கோல் கொண்டுவந்து அவள் வாசலில் இறக்கினார். தொட்டியின் சுவரை உயர்த்தி, மேலே கூரையும் போட்டார். டீசல் குடித்த வைக்கோல் சூளையில் எரிந்தது. அக்கா எங்களோடு சண்டைக்கு வரவில்லை. சிரித்துப் பேசவும் இல்லை. நேருக்கு நேர் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

அறுவடை முடிந்து ஒரு பகல் வேளையில் தூக்குச் சட்டியோடு வந்தாள். திறந்தால் வெறும் சோறு.

"அந்த மூலையில வெளஞ்சத தனியா அடிச்சு வெச்சிருந்தேன். மொதல்ல நீங்க ரெண்டு பேரும் தின்னுங்க. டீசல் வாசன வந்துதுன்னா நான் சும்மா வுட மாட்டேன்."

நான் ஒரு வாய் போட்டு மெதுவாக மென்றேன். அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. என் கணவரும் தின்றார். பிறகு அவளே ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"வரல இல்ல?"

"வரலக்கா."

பெருமூச்சு விட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப ரசம் இருந்தா கொண்டாம்மா. வெறுஞ்சோறு எப்டி எறங்கும்?" என்று சொல்லிக்கொண்டே எங்களோடு தரையில் உட்கார்ந்தாள்.