எதிர் வீட்டு ஜெனரேட்டர்

சில வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், கருங்குழியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் நடந்தது இது. அப்போது என் மகளுக்கு ஐந்து வயது.

அவளுக்குப் பிறந்ததிலிருந்தே வீசிங். அதனால் எங்கள் வீட்டில் பருவம் மாறுவதை அவள் நெஞ்சுதான் முதலில் சொல்லும். சித்திரை வைகாசியில் மாடி வீடு அடுப்பாகக் கொதித்தாலும் எனக்கு நிம்மதி; அவள் நன்றாகத் தூங்குவாள். ஆடிக் காற்று தொடங்கினால் ஜன்னல்களுக்கு ஈரத்துணி கட்டிவிடுவேன். புரட்டாசி பாதியில் தயிர் நின்றுவிடும். ஐப்பசியில் துவைத்த துணி காயாமல் கூடத்துக் கொடியிலேயே நாற்றமடிக்கும், சுவரில் பூசணம் பூக்கும், இரவெல்லாம் அவள் நெஞ்சில் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் கேட்கும். மார்கழிப் பனி, போகிப் புகை எல்லாம் தாண்டித் தை பிறந்த பிறகுதான் நானும் ஒழுங்காக மூச்சு விடுவேன். கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி எதுவும் எங்கள் வீட்டுக்குள் வராது. மருந்தை ஆவியாக்கி மாஸ்க் வழியாகக் கொடுக்கும் நெபுலைசர் மெஷின் மட்டும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.

அந்த வாரம் மாமல்லபுரம் பக்கமாகப் புயல் கரையைக் கடக்கும் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என் கணவருக்கு மறைமலைநகரில் ஒரு வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. இது நடந்ததற்கு முதல் நாள், மழையைப் பார்த்துப் போகலாமா வேண்டாமா என்று யோசித்தார். கம்பெனி பஸ் வந்து ஹார்ன் அடித்ததும் ஏறிப் போய்விட்டார். சாயங்காலம் திரும்ப முடியவில்லை. ரோடெல்லாம் தண்ணீர், பஸ் எடுக்கமாட்டார்கள், கம்பெனியிலேயே தங்குகிறேன் என்று போன் செய்தார். அதன்பிறகு என் போனில் டவர் போய்விட்டது. கரண்ட் அதற்கு முன்பே போயிருந்தது. கீழே குடியிருந்த வீட்டுக்காரர்களும் சென்னையில் பெண் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

மறுநாள் காலையில் மகள் எழுந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்தது. இன்ஹேலரில் பஃப் கொடுத்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கொடுத்தேன். கேட்கவில்லை. "அம்மா தண்ணி வேணும்" என்பதைக்கூட அவளால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. "அம்மா" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். பிறகு "தண்ணி" என்றாள். ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் போனால் தாமதிக்காமல் மெஷின் வைத்துவிட்டுக் கிளம்பி வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எப்படிக் கிளம்புவது? எட்டிப் பார்த்தால் எங்கள் தெருமுனையிலிருந்து ஜிஎஸ்டி ரோடு வரை ஒரே வெள்ளம். ஏரி நிரம்பி வழிந்து வயல், வாய்க்கால், ரோடு எல்லாம் ஒன்றாகிவிட்டிருந்தது. ஆட்டோ வராது, தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியாது.

அந்த நேரத்தில் மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. எதிர் வீட்டிலிருந்து.

அந்த வீட்டில் முந்தைய நாள் மத்தியானம் ஒரு சாவு. இறந்தவர் மாமல்லபுரத்துக்கு வரும் டூரிஸ்ட்டுகளுக்கு வேன் ஓட்டியவர். மழைக்காலத்தில் சவாரி இருக்காது என்று வீட்டில் இருந்தவர், சாப்பிட்டுவிட்டுப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. ஒரே மகன் கோயம்புத்தூரில் வேலை. அவன் வந்து முகம் பார்க்க வேண்டும் என்று உடலைக் கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். தண்ணீர் ஏறுவதற்கு முன்பே பந்தல்காரர் பெட்டியையும் ஜெனரேட்டரையும் கொண்டுவந்து சேர்த்திருந்தார். அந்தத் தெருவில் அன்றைக்குக் கரண்ட் இருந்த ஒரே இடம் அதுதான்.

நாங்கள் அந்தத் தெருவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. இறந்தவரின் மனைவியை, அந்த அக்காவை, தெருவில் பார்த்தால் சிரிப்பேன், அவரும் சிரிப்பார். அதற்கு மேல் பழக்கமில்லை. சாவு வீட்டுக்குப் போய் என்னவென்று கேட்பது? உடம்பு முடியாத குழந்தையை அங்கே தூக்கிப் போகலாமா? படியில் நின்று ஒரு நிமிடம் தயங்கினேன். தோளில் கிடந்தவளின் உதடு வெளுத்திருந்தது. மெஷினை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மகளைத் துண்டால் மூடி, முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

உயரமான வாசற்படி ஏறிப் போனால், கூடத்தின் நடுவே பெட்டி. சுற்றிலும் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அந்த அக்கா மட்டும் அழவில்லை. பெட்டியின் கால்மாட்டில் சுவரில் சாய்ந்து எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, கொயந்தைக்கு இன்னா?" என்றார்.

"மூச்சு விட முடியலக்கா. இந்த மெஷினுக்கு கரண்ட் வேணும். கொஞ்ச நேரம்தான்..."

அவர் திரும்பிப் பந்தல்காரரைப் பார்த்தார். அவர் ஜெனரேட்டரிலிருந்து இழுத்துத் தரையில் போட்டிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் காட்டி, "அக்கா, இதுல ஒரு பாயிண்டுதான் வேல செய்து. மீதியில தண்ணி பூந்துச்சி. சொருவுனா மொத்தமும் பூடும்" என்றார். அந்த ஒரு பாயிண்டில் ஐஸ் பெட்டியின் ஒயர் சொருகியிருந்தது.

"அப்ப அதப் புடுங்கிட்டு இத சொருவு" என்றார் அக்கா.

பக்கத்தில் நின்ற இறந்தவரின் தம்பி பதறிப்போனார். "இன்னா அண்ணி பேசற? புள்ள திண்டிவனத்துலயே நின்னுகினு கீறான். எப்ப வந்து சேருவானோ தெரியாது. அவன் வர்ற வரைக்கும் அண்ணன் மூஞ்சி கெடாம இருக்க வேணாமா?"

அவர் கேட்டதிலும் தப்பில்லை. அப்பாவைக் கடைசியாகப் பார்க்க மழையில் ஒரு பிள்ளை வந்துகொண்டிருக்கிறான். அதைக் கேட்டதும் எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "உங்க அண்ணனுக்கு இனிமே மூச்சு வோணாம்பா. இந்தக் கொயந்தைக்கு வோணும். புடுங்கு."

யாரும் அசையவில்லை. அவரே எழுந்து போய் ஒயரைப் பிடுங்கினார்.

அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். மெஷின் ஓட ஆரம்பித்தது. நான் மருந்தை ஊற்றி முடிப்பதற்குள் அக்கா மகளைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு மாஸ்க்கைத் தானே பிடித்துக்கொண்டார். "மெதுவா இஸ்து வுடு கண்ணு... அப்டித்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கணவர் அந்தப் பக்கம் கிடக்க, இவர் என் பெண்ணின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்து தீர்ந்ததும் பெட்டியின் ஒயரை மறுபடி சொருகினார்கள். இழுப்பு கொஞ்சம் குறைந்திருந்தது, முழுதாக நிற்கவில்லை. இன்னொரு தடவை வைக்க வேண்டும் என்பதை எப்படிக் கேட்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தம்பியே பக்கத்தில் வந்து குனிந்தார். "இன்னொரு வாட்டி வெக்கணுமாம்மா? டைம் ஆச்சின்னா சொல்லு, நானே புடுங்கறேன்" என்றார். அப்படித்தான் செய்தார். கொஞ்ச நேரம் இறந்தவருக்கு, கொஞ்ச நேரம் என் மகளுக்கு என்று அந்த ஒரே பாயிண்ட் மாறி மாறி ஓடியது.

இரண்டாவது முறை பாதி ஓடும்போது மகள் மாஸ்க்கைக் கையால் நகர்த்தினாள். பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, இந்தத் தாத்தா ஏன் கண்ணாடிப் பொட்டிக்குள்ள தூங்கறாரு?" என்றாள்.

நடுவில் நிறுத்தாமல், மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம். அவள் பிழைத்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

அவள் கேள்விக்கு அக்காதான் பதில் சொன்னார். "மழையில நனஞ்சிடக் கூடாதுன்னு கண்ணு."

சொல்லி முடித்ததும் அவர் உடம்பு குலுங்கியது. என் மகளை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படி ஓர் அழுகை அழுதார். முந்தைய நாளிலிருந்து அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று பக்கத்திலிருந்த பெண் பிறகு என்னிடம் சொன்னாள். நானும் சேர்ந்து அழுதேன். எதற்காக அழுதேன் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மழை சற்று விட்டதும் அந்தத் தம்பி யாரிடமோ சொல்லி ஒரு டிராக்டரை வரவழைத்தார். அதில் எங்களை ஏற்றி, தார்ப்பாயால் மூடி, ஜிஎஸ்டி ரோடு வரை கொண்டுவிட்டார்கள். அங்கிருந்து ஒரு பால் வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரி போனிலிருந்து தகவல் சொன்னதும், என் கணவர் பாதி தூரம் லாரியிலும் மீதி தூரம் நடந்துமாக அங்கே வந்தார். மெஷின் வைக்காமல் வந்திருந்தால் வழியிலேயே தாங்கியிருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். மகள் சில நாட்கள் அங்கே இருந்து நன்றாகித் திரும்பினாள்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று சாயங்காலமே எதிர் வீட்டுப் பிள்ளையும் வந்துவிட்டானாம். அப்பா முகத்தைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான் என்று பிறகு கேள்விப்பட்டபோதுதான் என் மனதிலிருந்த பாரம் இறங்கியது.

கருமாதிக்கு நானும் கணவரும் போனோம். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர்தான் பேசினார். "அன்னிக்கு நீ வந்தது நல்லதாப் போச்சும்மா. எல்லாரும் அழுவு அழுவுன்னாங்க. எனக்கு அழுவயே வரல. இன்னாடா இது, கல்லாப் பூட்டனேன்னு பயந்துகினு கெடந்தேன். உன் பொண்ணு கேட்டப்புறம்தான் நெஞ்சு தொறந்துச்சி."

நான் வாங்கிக்கொண்டு போனதை மட்டும்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் ஏதோ கிடைத்தது என்று அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றியபோது நாவலூர் பக்கம் போய்விடலாம் என்று கணவர் சொன்னார். அங்கே அபார்ட்மெண்டுகளில் எந்நேரமும் கரண்ட் இருக்கும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் புரட்டாசி கடைசியில் காற்று ஈரமானால், கீழே தெருவில் நின்றபடி அக்கா குரல் கொடுப்பார்: "இன்னாம்மா, பொண்ணு நெஞ்சு எப்டி கீது?" நான் பால்கனியிலிருந்து பதில் சொல்வேன்.

வானம் கறுத்தால் எனக்கு இன்றைக்கும் பயம்தான். ஆனால் தன் வாழ்க்கையின் மிகக் கொடுமையான நாளில்கூட ஒருத்தியால் அடுத்தவள் குழந்தையின் மூச்சைக் கவனிக்க முடிந்தது என்பதைப் பார்த்துவிட்ட பிறகு, அந்தப் பயத்தோடு நான் தனியாக இருப்பதாக மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை.