மே மாதத்தில் இறந்தவர்

அவரைத் திட்டுவதற்காகத்தான் போன் செய்தேன். மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. நோட்டுப் புத்தக லாரி பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தது. "ஆளு கீறாங்களா இல்லியா மேடம்? நான் அடுத்த ஸ்கூலுக்குப் போவணும்" என்று டிரைவர் ஆரன் மேல் ஆரன் அடித்துக்கொண்டிருந்தான். மறுமுனையில் எடுத்ததும் யார் என்றுகூடக் கேட்காமல், "எங்க சார் இருக்கீங்க? லாரி வந்து அரை மணி ஆச்சு. ஒரு பொறுப்பு வேணாமா?" என்று கத்தினேன். எடுத்தது அவர் மனைவி மல்லிகா. "மேடம், அவரு செத்துட்டாரு மேடம். காலைல எழுந்ததும் நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே, ஆட்டோவுலயே..."  அந்தச் சாவு வீட்டோடு நான் பேசிய முதல் பேச்சு இது.

தனசேகர் என்று சொன்னால், எங்கள் பள்ளியில் படித்த உங்களில் பாதிப் பேருக்கு யார் என்று தெரியாது. பி.டி. சார் என்றால் தெரியும். தாம்பரத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் அரசுப் பள்ளியில் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர். காகிதத்தின்படி வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. நடைமுறையில் ஐந்து நாளும், காலை பிரேயர் தொடங்கி மாலை கேட் பூட்டும் வரை. அப்படி ஆக்கியவள் இந்தப் பள்ளியின் தலைமையாசிரியையான நான்தான். வந்த புதிதில் ஒரு நாள், "சார், கொஞ்சம் இருந்துட்டுப் போங்களேன்" என்றேன். இருந்தார். ஒன்பது வருடம் அப்படியே இருந்தார். மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, பேங்குக்குப் போவது, கணக்கு டீச்சர் லீவு போட்டால் எட்டாம் வகுப்பைப் பார்த்துக்கொள்வது, எல்லாம் அவர்தான். ஆசிரியர் அறையில் மட்டும் அவருக்கு நாற்காலி கிடையாது. "பி.டி. சாருக்கு எதுக்குங்க சேர்? அவரு கிரவுண்டுலதானே இருப்பாரு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்ததாக ஞாபகம்.

சம்பளம் பதினோரு மாதத்துக்கு. மே மாதம் கிடையாது. மே மாதம் பள்ளியில் யாருமே பாடம் நடத்துவதில்லை; ஆனால் எனக்குச் சம்பளம் உண்டு, அவருக்கு இல்லை. மே மாதம் மனிதனுக்குப் பசிக்காது என்று எந்த மகானுபாவன் கண்டுபிடித்தானோ! மற்ற பதினோரு மாதத்துக்கு வாங்கியதாவது மனிதன் வாழ்கிற சம்பளமா என்றால், என் காருக்கு நான் கட்டும் மாதத் தவணை அதைவிட அதிகம். வருடத்துக்கு ஒரு நாள் மேடை போட்டு, மாதா பிதா குரு தெய்வம் என்று மைக்கில் முழங்குகிறோம். தெய்வத்துக்குச் சோறு தண்ணி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம் போலிருக்கிறது. அந்த மேடைக்கு நாற்காலி தூக்கிப் போட்டதும் அவர்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் குரோம்பேட்டையில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். அதுவும் ஒரு மே மாதம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், சாம்பார் வாளியோடு வரிசையில் வருகிறார் நம் பி.டி. சார். சமையல் காண்டிராக்டர் கொடுத்த மஞ்சள் டீ-ஷர்ட், தலையில் தொப்பி. அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "வணக்கம் மேடம், சாம்பார்?" என்றார். நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்து இலையிலிருந்த நாத்தனார், "தெரிஞ்சவரா?" என்று கேட்டதற்கு, "ஸ்கூல் பக்கம் பார்த்த மாதிரி இருக்கு" என்றேன். பார்த்த மாதிரி! தினமும் என் ரூம் வாசலில் நிற்கிற மனிதர்.

ஜூனில் பள்ளி திறந்ததும் நானாகவே போய், "சார், அன்னைக்கு அந்தக் கூட்டத்துல..." என்று இழுத்தேன். "நீங்க ஏன் மேடம் தலய குனிஞ்சீங்க? நான் கரண்டிதான் புடிச்சேன். யாருகிட்டயும் கையேந்தலியே" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "ஆனா ஒண்ணு சொல்லணும் மேடம். ஸ்கூல்ல வருஷம் பூரா கெடைக்காத மரியாத பந்தில கெடைக்குது. 'அண்ணா, இங்க கொஞ்சம் வாங்க'ன்னு வாய் நெறைய கூப்புடறாங்க" என்று சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடமிருந்து செல்போனைப் பிடுங்கி என் மேசையில் வைத்தார் ஒரு தடவை. போன் கொண்டுவரக் கூடாது என்று பிரேயரில் மைக் பிடித்து அறிவித்தவள் நான். மறுநாள் பையனின் அப்பா வந்து என் ரூமிலேயே குதித்தார். "நீ டெம்பரவரி வாத்திதானே? எம் புள்ள போன புடுங்க உனக்கு இன்னா ரைட்ஸ் கீது? கலெக்டர் வரிக்கும் போவேன், பேஜாராயிடும்!" ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. இது என் உத்தரவு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. "சார், ஒரு சாரி சொல்லி முடிச்சிடுங்களேன்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அந்த ஆளைப் பார்த்து, "சாரிங்க" என்றார். எல்லோரும் போன பிறகு வாசலில் நின்று, "எல்லாத்துலயும் டெம்பரவரி. மன்னிப்பு கேக்கறதுல மட்டும் நான் பர்மனென்ட் மேடம்" என்றார். அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

எங்கள் பள்ளியில் யார் ஓய்வு பெற்றாலும், யார் வீட்டில் சாவு விழுந்தாலும், தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் மாலை வாங்கி வருவது அவர் வேலை. பேரம் பேசி, பூ வாடாமல் ஈரத்துணி சுற்றிக் கொண்டுவருவார். அவருக்கு மாலை வாங்க ஆள் இல்லை. ஊழியர் நிதியில் அவர் உறுப்பினர் இல்லையாம், அதனால் அதிலிருந்து எடுக்க முடியாதாம். நானே போனேன். பள்ளிப் பேரைச் சொன்னதும் பூக்கடைக்காரம்மா, "ஸ்கூலுக்கா? எப்பவும் சார்தானே வருவாரு, அவரு எங்க?" என்று கேட்டார். சொன்னேன். அந்த அம்மா மாலையைக் கட்டிக்கொண்டே அழுதார். எங்கள் ஆசிரியர் அறையில் அன்று அவ்வளவு கண்ணீரை நான் பார்க்கவில்லை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அவர் இறப்பதற்கு முந்தைய நாள், திங்கட்கிழமை, பாடப்புத்தக லாரி வந்தது. கத்திரி வெயில். இறக்குவதற்குக் கூலி ஆள் தேடியிருக்கலாம். அந்தத் தொந்தரவுக்கு அவருக்குப் போன் செய்வது சுலபம். அன்று ஏதோ ஒரு கல்யாணத்தில் பந்தி வேலைக்குப் போக வேண்டியவர். "நீங்க கூப்ட்டு வராம இருப்பனா மேடம்" என்று வந்துவிட்டார். கட்டுக் கட்டாக மாடிக்கு ஏற்றினார். மூன்று மணிக்கு மேல், படிக்கட்டில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். "என்ன சார்?" என்றேன். "கேஸ் புடிச்சிருக்கு மேடம், வேற ஒண்ணுமில்ல" என்றார். ஒரு சோடா வாங்கிக் குடிக்கச் சொன்னேன். "நாளைக்கு நோட்டு லாரி வருது, பத்து மணிக்கெல்லாம் வந்துடுங்க" என்றும் சொன்னேன்.

காரியம் முடிந்து மல்லிகா பள்ளிக்கு வந்தார். குடும்பத்துக்கு ஏதோ உதவித்தொகை கேட்டு மனு போடலாமென்று பகுதிநேர ஆசிரியர் சங்கத்துக்காரர்கள் சொன்னார்களாம். இறக்கும்போது அவர் பணியில் இருந்தார் என்று தலைமையாசிரியர் கடிதம் தர வேண்டும். எங்கள் ஆபீஸ் உதவியாளர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மே மாசம் அவங்களுக்கு சர்வீஸ் கெடையாதும்மா. ஏப்ரலோட முடிஞ்சுபோச்சு. திரும்ப ஜூன்லதான்." மல்லிகா என்னைப் பார்த்தார். "மொத நாளு புக்கு எறக்கினாரே மேடம்? நீங்கதானே கூப்ட்டீங்க?"

நான்தான் கூப்பிட்டேன். ஆனால் பணியில் இருந்தார் என்று எழுதினால், சம்பளம் இல்லாத மாதத்தில் ஒரு ஆளை வேலை வாங்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்ற கேள்வி வரும். விளக்கம் கேட்பார்கள். எனக்கு இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. பென்ஷன் பேப்பர் மேலே போயிருக்கிற நேரம். எழுதினேன். மேற்படி பகுதிநேர ஆசிரியர் ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு இப்பள்ளியில் பணிபுரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், சீல் வைத்தேன். அதில் ஒரு பிரதி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போயிற்று. இன்னொன்றை மல்லிகா நின்றுகொண்டே படித்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "அவரு உங்கள பத்தி வீட்ல நல்லபடியாத்தான் சொல்வாரு மேடம்" என்று மட்டும் சொன்னார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சீ, என்ன பிழைப்பு இது என்று தோன்ற எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. போன வாரம் இரண்டாவது கடிதம் எழுதினேன், நடந்தது நடந்தபடி. இரும்புலியூரில் அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்கு நானே எடுத்துப் போனேன். மல்லிகா படித்துவிட்டு, "இதனால உங்களுக்கு ஒண்ணும் ஆவாதா மேடம்?" என்று கேட்டார். புருஷனை வாரிக் கொடுத்தவர் என் பென்ஷனைப் பற்றிக் கவலைப்படுகிறார்! "ஆனா ஆகட்டும்மா" என்றேன்.  மறுநாள் ஆபீஸில் நகலைக் கொடுத்தபோது உதவியாளர் படித்துப் பார்த்துவிட்டு, "மொத லெட்டர் போயி சேர்ந்தாச்சு மேடம். அதத்தான் எடுத்துப்பாங்க. இத, பரிதாபப்பட்டு அப்புறமா எழுதினதுன்னு ஓரமா வெச்சிடுவாங்க" என்றார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அதனால்தான் அச்சில் வரட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அவர் நினைவாக ஆளுக்கொன்று வைத்திருப்பீர்கள். அவர் சொல்லிக்கொடுத்த கபடி, விளையாட்டு விழாவில் எடுத்த போட்டோ, அந்தப் பெரிய சிரிப்பு. என்னிடம் இருப்பது அந்த முதல் கடிதத்தின் நகல். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில், நான் தினமும் கை வைத்து எழுதுகிற இடத்தில் இருக்கிறது. ஓய்வு பெறும்போது அதை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போவேன்.

அவரை அறிந்தவர்களுக்கும், இனி என்னிடம் விளக்கம் கேட்கப் போகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அந்தத் திங்கட்கிழமை, காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை தனசேகர் சார் எங்கள் பள்ளியில் வேலை செய்தார். கூப்பிட்டவள் நான்.