கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டவர்

சலூன் குருசாமி அண்ணாச்சி இறந்துவிட்டார். இன்று காலை, நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு நாற்காலி போட்ட சின்னக் கடை. என் ஃப்ரெண்ட் லிஸ்டில் இருக்கும் மில்காரர்களில் பாதிப் பேர் அவரிடம் தலையைக் கொடுத்தவர்கள்தான்.

கண்ணாடிக்கு மேலே 'இங்கு அரசியல் பேசக்கூடாது' என்று ஒரு போர்டு. கட்டிட ஓனர் மாட்டியது. அண்ணாச்சி அதைத் தினமும் துடைப்பார். துடைத்துவிட்டு அதற்குக் கீழேயே நின்று நாள் முழுக்க அரசியல் பேசுவார்.

கட்சி அரசியல் இல்லை. உங்க ஊரில் தலைவர் யார், எப்படி வந்தார், இவ்வளவுதான் கேட்பார். பஸ் மாறுகிற நேரத்தில் ஷேவிங்குக்கு வந்து உட்காரும் முன்பின் தெரியாத ஆளிடமும் கேட்பார்.

என்னிடமும் அப்படித்தான் கேட்டார். போன உள்ளாட்சித் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால். நான் மில்லில் ஃபிட்டர். செகண்ட் ஷிஃப்ட்டுக்குப் போகும் வழியில் முதல் தடவையாக அந்தக் கடைக்குள் நுழைந்திருந்தேன்.

எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். பஞ்சாயத்துத் தலைவருக்கு அங்கே அதுவரை தேர்தல் நடந்ததே கிடையாது. கோயிலுக்கு யார் அதிகம் செய்கிறாரோ அவருக்கே பதவி என்று பெரிய ஆட்கள் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள். ஒரே ஒரு மனுதான் போகும். போட்டியின்றித் தேர்வு.

அந்தத் தடவை கோயிலுக்கு மண்டபம் கட்டித் தருகிறவருக்கு என்று முடிவாகியிருந்தது. நான் அதைப் பெருமையாக வேறு சொன்னேன்... எங்க ஊரில் சண்டை சச்சரவே கிடையாது என்று.

நுரை போட்டுக்கொண்டே கேட்டார். "மண்டபம் சரி அண்ணாச்சி. நாளைக்குக் குழாய்ல தண்ணி வரலைன்னா அவர்ட்ட என்னன்னு போய்க் கேப்பிய? நீங்கதான் அவருக்கு ஓட்டே போடலையே?"

பிறகு கத்தியை எடுத்தார். கத்தி கையில் இருக்கும்வரை வாய் திறக்க மாட்டார், அது அவர் பழக்கம். என்னாலும் பேச முடியாது. அந்தக் கேள்வி மட்டும் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு கன்னம் முடிந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. துண்டை வீசிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஒரு பக்கம் வழவழ, ஒரு பக்கம் தாடி. ஷிஃப்ட் முழுக்க கர்சீப்பைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். மில்லே சிரித்தது.

மறுநாள் மீதிக் கன்னத்துக்கு அவரிடமேதான் போனேன். வேறு எவனிடம் போய்ச் சொல்ல? அவர் ஒன்றும் கேட்கவில்லை. நுரை போட்டார், வழிக்க ஆரம்பித்தார். நடுவில் நான்தான் கையைக் காட்டி நிறுத்தி, இரண்டாவதாக ஒரு மனு விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

கத்தியைக் கீழே வைத்தார். "தேர்தல் ஆகும்."

அவ்வளவுதான் சொன்னார்.

எங்கள் தெருவில் நூறு நாள் வேலைக்குப் போகும் மாரியம்மாள் அக்கா மனு போட்டார். முன்மொழிந்து கையெழுத்துப் போட்டது நான். வாபஸ் வாங்கச் சொல்லி யார் யார் வந்தார்கள், என்னென்ன பேசினார்கள் என்று ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.

அக்கா தோற்றுப்போனார். ஆனால் ஜெயித்தவர் அதற்கு முன்னால் எங்கள் தெருவுக்குள் வந்து, வீடு வீடாகக் கும்பிட்டு ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அவர் கும்பிட்ட கையை இறக்குவதற்குள் என் அம்மா தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டுவிட்டார்.

தொங்கிய முகத்தோடு போய் அண்ணாச்சியிடம் தோற்ற கதையைச் சொன்னேன். ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டார். போட்டோம் என்றேன். "பொறவு என்ன..." என்று அடுத்த ஆளை உட்காரச் சொன்னார்.

இவ்வளவுக்கும் காரணம் அண்ணாச்சி கேட்ட கேள்விதான் என்று தெரிந்ததும், நம்ம ஊர்க்காரன் எவனும் அந்தக் கடைப் பக்கம் போகக்கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். பதறிப்போய் அவரிடம் ஓடினேன். "ஆளுக்குத்தான தடை போட்டிருக்காவ... முடிக்குப் போடலையே. வளந்தா வருவாவ" என்றார்.

வந்தார்கள். சில பேர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கடைக்குள் வந்தார்கள்.

எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று கதை விட மாட்டேன். முடியை மட்டும் வெட்டும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் நிறைய. அவர்களுக்கும் கிருதா ஒரு நூல் பிசகாது. அண்ணாச்சியின் சொந்த ஊரிலும் இதே ஏற்பாடுதான், நரை விழுகிறவரைக்கும் தலைவருக்கு ஒரு ஓட்டுகூடப் போட்டதில்லை என்று ஒரு தடவை சொன்னார். அந்தக் கோபத்தை அவர் யார் மேலும் காட்டி நான் பார்த்ததில்லை. கேள்வியாக மட்டும்தான் வரும்.

கத்தி கையில் இருக்கும்போது ஏன் பேசுவதில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"கத்தி கழுத்துல இருக்கயில கேட்டா எவனும் ஆமான்னுதான் சொல்லுவான். அந்த ஆமா எனக்கு எதுக்கு அண்ணாச்சி?"

எங்கள் ஊர்ப் பெரிய ஆட்களுக்கு இது கடைசிவரை புரியாது. இன்று காலை அண்ணாச்சி வீட்டு வாசலில் நிற்கிறேன், அவர்களில் ஒருவரிடமிருந்து போன். அடுத்த தேர்தலுக்கும் பழையபடி பேசி முடிக்கப் போகிறார்களாம்.

"ஒனக்கு ஓதிவிட்ட ஆளும் போய்ட்டான்ல. ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு வந்து எல்லாரையும் போல கையெழுத்தப் போட்டுட்டுப் போ."

சாவு வீட்டில் குரலை உயர்த்த வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்துவிட்டேன். பதிலை இங்கே சொல்கிறேன்.

கூட்டத்துக்கு வருவேன். கையெழுத்துப் போட மாட்டேன். மாரியம்மாள் அக்கா மறுபடியும் நிற்கிறார், முன்மொழியப் போவதும் நான்தான். இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட நினைப்பவர்கள் தாராளமாகப் போடலாம்... என் பெயரை மறைக்க வேண்டாம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுக்கிறார்கள். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்தவர்கள் நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

போயிட்டு வாங்க அண்ணாச்சி. எங்க ஊர்ல தேர்தல் நடக்கும்.