கரி லைனைத் தாண்டி வந்த மாப்பிள்ளை

தண்ணீர் தெளித்த நிலக்கரிக்கு ஒரு வாசம் உண்டு... புது மழை மாதிரியும் இருக்கும், தீப்பெட்டியைத் திறந்த மாதிரியும் இருக்கும். ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கே அந்த வாசம்தான்.

ஸ்டேஷனிலிருந்து மில் பாய்லர் வரைக்கும் ஒரு குட்டி ரயில் பாதை. கரி லைன் என்போம். அத்தா, எங்கள் அப்பா, பிறப்பதற்கு முன்னாலேயே போட்டதாம். எங்கோ வடக்கே சுரங்கத்தில் வெட்டிய கரி, பல ஊர் கடந்து, கடைசியாக எங்கள் தெருவைத் தாண்டித்தான் மில்லுக்குப் போகும்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு நிக்காஹ். மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர், ஜவுளிக்கடை. அதற்கு முன் ஒரு சம்பந்தம் பேசி முடித்துத் தட்டிப் போயிருந்தது. அம்மாவுக்கு அந்தப் பயம் போகவே இல்லை.

நிக்காஹ் அன்றைக்குப் பார்த்து ஒரு வேகன் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டது. கரி வண்டி தெருவை மறித்து நின்றது. இந்தப் பக்கம் நாங்கள், பந்தல், பிரியாணி... அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன். சுற்றி வரவும் வழியில்லை. ஒரு பக்கம் மில் சுவர், மறுபக்கம் ஸ்டேஷன் யார்டு.

சின்னத்தா வேகன் இடுக்கு வழியாகப் பேசிவிட்டு ஓடி வந்தார். "மாப்பிள்ளையோட பெரியத்தா கோவிச்சுக்கிட்டாக. 'வாசல்லயே மறிக்குது, இன்னொரு நாள் பாத்துக்கிடுவோம்'னு வண்டியத் திருப்பச் சொல்லுதாக."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் வேகன் மேலே இருந்து ஒரு சத்தம். கரி இறக்கும் மாரியக்கா.

"எஞ்சினக் கழட்டியாச்சு மாப்ளே! வண்டி அசையாது. பயப்படாம ஏறுங்க, நாங்க பிடிச்சுக்கிடுதோம்!"

மாப்பிள்ளை ஏறிவிட்டார். மாரியக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் கையைப் பிடித்து இழுக்க, கரிக் குவியல் மேல் நடந்து இந்தப் பக்கம் குதித்தார். தலையிலிருந்து கால் வரை கறுப்பு. மாப்பிள்ளையே போன பிறகு பெரியத்தா என்ன செய்வார்? முணுமுணுத்துக்கொண்டே அவரும் ஏறினார்.

"இந்தச் சட்டையோடயா நிக்காஹ்?" என்று அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும்.

"சட்டைக்கா பொண்ணு குடுக்கீக? எனக்குத்தான மாமி!"

அவர் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான். முகத்தைக்கூட இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. ஆனால் மனசு நிறைந்துவிட்டது. மாரியக்காவையும் மற்றவர்களையும் அத்தா தானே போய் அழைத்து வந்து, முதல் பந்தியில் உட்கார வைத்தார்.

தொண்ணூறுகளில் கரி லாரியில் வர ஆரம்பித்தது. பிறகு பாய்லரே மாறியது. ஒருநாள் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இப்போது அங்கே வழவழவென்று சிமெண்ட் ரோடு. யாரையும் எதுவும் மறிப்பதில்லை.

அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் மட்டும் அந்த இடத்தில் ஸ்கூட்டரைக் கொஞ்ச நேரம் நிறுத்துவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். வெறும் ரோட்டில் எதற்கு நிற்கிறோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்!