பிரதர்ஸ் டீமுக்கு ஒரு ஆரிஃபா

“அவனுக்கு ஏன்டா குடுக்குற? குடுத்தா அவன் என்ன, கோலா போடப் போறான்? எதிராளிக்கிட்ட கொண்டுபோய்க் குடுப்பான்!”

பந்து விக்டரின் காலுக்கு வந்து சேர்வதற்கு முன்பே ஆரிஃபா எழுந்துவிடுகிறார். அவர் சொன்னபடியே அது எதிரணிக்குப் போகிறது. “சொன்னேன்ல?” என்று யாரிடமும் இல்லாமல் பொதுவாகக் கேட்டுவிட்டு, சிமெண்ட் படியில் விரித்த துண்டின் மேல் மறுபடி உட்காருகிறார். பக்கத்தில் கேட்பதற்கு ஆளும் கிடையாது. திருச்சியில் பிரதர்ஸ் அணியின் ஆட்டத்தை ஒன்றுவிடாமல் வந்து பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். மைதானத்தை ஒட்டிக் குடியிருக்கும் நான், இந்தச் சத்தம் யாருடையது என்று பார்க்க வந்துதான் அவருக்குப் பழக்கமானேன்.

பெரிய கடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருக்குத் தையல் கடை இருக்கிறது. புர்கா, சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம். ஞாயிற்றுக்கிழமை பிரதர்ஸ் தோற்றால், திங்கட்கிழமை அவர் மெஷின் ஓடும் வேகம் சந்து முனை வரைக்கும் கேட்கும். “இன்னைக்கு அளவு குடுக்காதீங்க. கோவத்துல கழுத்தை எறக்கி வெட்டிருவேன்,” என்று வாடிக்கையாளர்களை அவரே எச்சரித்து அனுப்புவார். அணியின் ஜெர்ஸிகளுக்கு நம்பர் தைத்துக் கொடுப்பதும் அவர்தான். ஒரு வருடம் விக்டரின் ஒன்பது தலைகீழாகத் தைக்கப்பட்டு, சீசன் முழுக்க அவன் ஆறாம் நம்பராகவே ஓடினான். யாரோ சுட்டிக்காட்டியபோது ஆரிஃபா அசரவில்லை. “ஆறோ ஒம்பதோ, கோல் போடாதவனுக்கு நம்பர் ஒரு கேடா?”

கால்பந்து அவருக்குக் கணவர் வழியாக வந்த வியாதி. ஹாலித் கல்யாணத்துக்கு முன்பு பிரதர்ஸில் ஆடியவர். குவைத்துக்கு வேலைக்குப் போனபின், ஃபோனில் பிள்ளைகளை விசாரித்த கையோடு, “பிரதர்ஸ் என்னாச்சு?” என்று கேட்பாராம். அதற்குப் பதில் சொல்வதற்காகவே ஆரிஃபா மைதானத்துக்கு வர ஆரம்பித்தார். ஆஃப்சைடு என்றால் என்னவென்று லைன்மேனிடம் கேட்டே கற்றுக்கொண்டார். இப்போது ஹாலித் ஊரோடு வந்துவிட்டார். முதுகுவலி என்று சாயங்காலங்களில் டிவி முன்னால் சாய்ந்திருக்கிறார். “நான் சும்மா பேச்சுக்குக் கேட்டேங்க. இவ அதைப் புடிச்சுக்கிட்டா,” என்றார் என்னிடம். உள்ளேயிருந்து பதில் வந்தது. “பேச்சுக்குக் கேட்டாராம்! நான் மழையில நனைஞ்சுக்கிட்டுப் பாத்தேன்.”

பிரதர்ஸ் நல்ல அணி என்று அவருடைய எதிரில்கூடச் சொல்ல முடியாது. கேப்டன் கலீமுக்கு மொபைல் கடையில் வேலை. பாதி ஆட்டத்தில் மூச்சு வாங்கும். பின்களத்தில் நிற்கும் வீரமலை முசிறியிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். பஸ் தாமதமானால் அவன் வரும்வரை பத்துப் பேர். இந்த சீசனில் ஒரு வெற்றிகூட இல்லை. கலீம் அவரை ‘மாமி’ என்று கூப்பிடுவதால் மொத்த அணிக்கும் அவர் மாமி. மாமியின் வாழ்த்து எப்போதும் ஒன்றுதான். “எப்படியும் தோக்கத்தான் போறீங்க. சீக்கிரம் தோத்துட்டு வாங்கடா, எனக்கு வேலை கெடக்கு.” ஆனால் கடைசி விசிலுக்கு முன்னால் அவர் எழுந்து போய் நான் பார்த்ததில்லை. வெளியாள் ஒருவர் ஒருநாள், “இதெல்லாம் ஒரு டீமா?” என்று சிரித்துவிட்டார். ஆரிஃபா அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். “நீங்க எந்த டீம்ல ஆடுறீங்க?” அந்த மனிதர் இடைவேளையிலேயே கிளம்பிவிட்டார்.

கடைசி லீக் ஆட்டம் ஸ்ரீரங்கத்து அணியோடு. சமன் செய்தால் டிவிஷனில் நீடிக்கலாம். தோற்றால் அடுத்த வருடம் பிரதர்ஸ் என்று ஓர் அணி லீக்கில் இருக்காது. அந்த வாரம் முழுக்க ஆரிஃபா திட்டவே இல்லை. “ஒரே ஒரு டிரா. வேற எதுவும் கேக்கலைடா தங்கங்களா,” என்று அணியின் வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவு போட்டதாகச் சொன்னார். ஞாயிறன்று நான் போகும்போதே வந்து உட்கார்ந்திருந்தார். துண்டின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

ஸ்ரீரங்கத்துப் பையன்கள் வெயிலில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். மைதானத்தின் மறுபாதி காலியாகக் கிடந்தது.

“முசிறி பஸ்ஸு லேட்டா இருக்கும்,” என்றார் ஆரிஃபா. கொஞ்ச நேரம் கழித்து, “அதுக்கு மத்தவனுங்க வரலாம்ல?” என்று அவரே கேட்டுக்கொண்டார்.

ஆட்டம் தொடங்க வேண்டிய நேரம் தாண்டியது. ரெஃப்ரி இருதயநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி படிக்கட்டு வரை வந்தார். பிரதர்ஸ் தரப்பில் கேட்பதற்கு வேறு யாரும் இல்லை. “அம்மா, உங்க பசங்க எங்கங்க?”

ஆரிஃபா கலீமுக்கு ஃபோன் போட்டு, எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டினார். முதலில் வந்தது மைக்செட் சத்தம். அப்புறம் கூட்டத்தின் கூச்சல். நடுவே ஒரு விசில்.

“எங்கடா இருக்க?”

“மாமி, உப்பிலியபுரத்துல. திருவிழா செவன்ஸ் போட்டி நடக்குது, டீமுக்கு ஏழு பேரு. நம்ம பசங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்.”

“இன்னைக்கு மேட்ச்டா கலீமு!”

“தெரியும் மாமி. வேற டீம் பேர்ல எறங்கியிருக்கோம். ரெண்டு மேட்ச் ஜெயிச்சுட்டோம் மாமி! விக்டர் கோல் போட்டான்!” அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “அங்க வந்து என்ன மாமி பண்றது? எப்படியும் தோக்கத்தான போறோம். நீங்களே அதத்தான சொல்வீங்க?”

ஆரிஃபா ஃபோனை முகத்துக்கு நேராகப் பிடித்து, வேறு யாரோ பேசியிருக்கக்கூடும் என்பதுபோல் திரையில் இருந்த பெயரைப் பார்த்தார். “மாமி? மாமி, கேக்குதா?” என்று அது கத்திக்கொண்டேயிருந்தது. அணைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ரெஃப்ரி தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தார். ஏழு கோல் வாங்கிய பிரதர்ஸைப் பார்த்திருக்கிறேன். தன் கோலிலேயே பந்தை அடித்துக்கொண்ட பிரதர்ஸைப் பார்த்திருக்கிறேன். வராமலே இருந்துவிடுகிற பிரதர்ஸை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

“நான் ஆத்தாமைல சொல்றதுங்க அது,” என்றார் கடைசியில். “பெத்த புள்ளையக்கூட நாசமாப் போன்னு சொல்றோம். அதுக்காகப் போயிருவாங்களா? இதுகளுக்குத் தெரியாதா அது?”



ரெஃப்ரி நீளமாக விசில் ஊதினார். வாக்ஓவர். ஆடாமலே ஜெயித்த ஸ்ரீரங்கத்துப் பையன்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன் விளையாட்டாகப் பந்தைக் காலி கோலுக்குள் அடித்தான். வலை அதிர்ந்தது. “கோல்!” என்று இன்னொருவன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தவன் அடித்தான். அப்புறம் வரிசை கட்டி நின்றுகொண்டார்கள். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு ஆரவாரம்.

ஆரிஃபா எழுந்தார். வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று நினைத்து நானும் எழுந்தேன். அவர் வாசல் பக்கம் போகவில்லை. படியிறங்கி, வெள்ளைக் கோட்டருகே செருப்பைக் கழற்றிவிட்டு, மைதானத்துக்குள் நடந்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்தக் கோட்டைத் தாண்டியதை நான் பார்த்ததில்லை.

ஸ்ரீரங்கம் கேப்டன் ரங்கநாதன் காலடியில் பந்தோடு நின்றான். “அம்மா, மேட்ச் முடிஞ்சிருச்சுங்க.”

“முடிஞ்சா வீட்டுக்குப் போகணும் தம்பி. ஆளில்லாத கோல்ல எதுக்கு அடிக்கிறீங்க?”

“சும்மா, விளையாட்டுக்குத்தாங்க…”

“அப்ப விளையாடுவோம்.”

அவர் நேராகப் போய் இரண்டு கம்பங்களுக்கும் நடுவே நின்றார். வரிசையில் இருந்தவர்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. ரங்கநாதன் ரெஃப்ரியைப் பார்த்தான். இருதயநாதன் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆரிஃபா புர்காவின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி இடுப்பில் செருகினார். முழங்காலை லேசாக மடக்கினார். பந்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், இரண்டு கைகளையும் அகல விரித்தார்.