கரையில் ஒரு வாரம்

தூத்துக்குடியில் சங்கு குளிப்பது என் தொழில். மூக்கு அடைத்திருந்தால் ஆழத்தில் காது வலி உயிரை எடுத்துவிடும். எனக்கோ தூசு அலர்ஜி. டாக்டரம்மா மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே ஒன்றைத் தந்து, "தினமும் காலையில ஒரு தடவைதான். மருந்து கேட்க ஒரு வாரம் ஆகலாம். அதுவரைக்கும் கடல்ல இறங்காதீங்க" என்றார்.

இரண்டே நாளில் கடல் தெளிந்துவிட்டது. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வள்ளத்தில் ஏறி, குதிப்பதற்கு முன் தலையை அண்ணாந்து, ஸ்ப்ரேயை மூக்குப்பொடி போல உறிஞ்சி உறிஞ்சிப் பல தடவை அடித்தேன். பாதி ஆழத்தில் காதுக்குள் ஊசி குத்தியது. மேலே வந்தபோது முகத்தில் மாட்டியிருந்த நீச்சல் கண்ணாடிக்குள் மூக்கிலிருந்து வந்த ரத்தம்.

வள்ளத்தில் இருந்த என் மச்சான் என்னை இழுத்துப் போட்டுக் கத்தினான்: "ஏலே, மருந்து என்ன பெட்ரோலா, ஊத்துன உடனே ஓடுததுக்கு?"

மறுபடி போய் நின்றபோது டாக்டரம்மா திட்டவில்லை. "கூட அடிச்சா சீக்கிரம் கேட்காது, புண்ணுதான் ஆகும். ஆறினதும் மறுபடி ஆரம்பிப்போம்" என்றார். தலையை லேசாகக் குனியவைத்து, ஸ்ப்ரே நுனியை மூக்கின் நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கமாகத் திருப்பிக் காட்டினார். "உறிஞ்சாம மெதுவா மூச்சு இழுங்க."

இன்றும் விடியற்காலையில் வள்ளங்களின் இன்ஜின் சத்தம் கேட்டால் கால் தரையில் நிற்பதில்லை. கடலுக்கடியில் மூச்சை அடக்கத் தெரிந்த நான், கரையில் ஒரு வாரம் சும்மா இருக்கத் தெரியாமல் காதையே தொலைக்கப் பார்த்தேன்.